குறி இல்லாத செங்கல்

அவரிடம் ஒன்பது செங்கற்கள் இருந்தன. ஒன்றுகூட அவருடையது இல்லை.

லேக் மார்க்கெட்டின் பின்பக்கத் தெருவில், ஷட்டர் இறங்கியே கிடந்த ஒரு பாத்திரக் கடைக்கு முன்னால், நடைபாதையில் அவர் இருந்தார். தலைமாட்டில் ஒரு தகரப் பெட்டி, கால்மாட்டில் ஒரு ஸ்டவ், மேலே நீலத் தார்ப்பாய். சுவரை ஒட்டி, சாரல் படாத இடத்தில், செங்கற்களை அடுக்கியிருப்பார். ஒவ்வொன்றிலும் ஒரு குறி. டாக்டர் வீட்டுக் கல்லில் சுண்ணாம்பால் ஒரு பெருக்கல் குறி. இஸ்திரிக்காரர் கல்லில் சூடு போட்ட தழும்பு. காபிப்பொடிக் கடைக்காரர் கல்லில் சிவப்பு நூல். எங்கள் வீட்டுக் கல்லில் நீலப் பெயின்ட். அப்பா ஜன்னலுக்கு அடித்ததில் மிஞ்சியது.

எங்கள் ஊரில் வரிசையில் மனிதர்களுக்கு முன்பே கற்கள் வந்து நிற்கும். ரேஷன் கடை திறக்கும் முன், கார்ப்பரேஷன் குழாயில் தண்ணீர் வரும் முன், ஒரு செங்கல்லை வைத்துவிட்டு வீட்டு வேலையைப் பார்க்கப் போகலாம். கல் இருக்கும் இடம் உங்கள் இடம். எங்கும் எழுதிவைக்காத இந்த ஏற்பாட்டை எங்கள் தெருவில் காவல் காத்தவர் அவர். விடியும் முன் ஒன்பது கற்களையும் ஒரு சாக்கில் போட்டு இழுத்துக்கொண்டு போய், அந்தந்த வரிசையில் வைத்துவிட்டுப் பக்கத்தில் நிற்பார். அதற்காக வீடுகளில் கொடுப்பதை வாங்கிக்கொள்வார். வங்காளிகள் அவரை இட் மாஷி என்பார்கள். இட் என்றால் செங்கல், மாஷி என்றால் சித்தி. தமிழ் வீடுகளில் செங்கல் மாஷி. அவருக்கு ஒரு பெயர் இருந்தது; பின்னாளில் நானே அதை ஒரு பட்டியலில் தட்டச்சு செய்தேன். இங்கே அதை எழுதப் போவதில்லை. அந்தப் பெயரைச் சொல்லி யாரும் அவரைக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

அவருடைய விதிகள் எட்டு வயதிலேயே எனக்கு மனப்பாடம். பட்டியல் போடும் புத்தி அப்போதே உண்டு. ஓர் ஆளுக்கு ஒரு கல், ஒரே ஓர் இடம். முறை வரும்போது கல்லுக்குச் சொந்தக்காரர் வந்து நிற்க வேண்டும். வராவிட்டால் மாஷி அந்தக் கல்லை இரண்டு கையாலும் தூக்கிச் சுவரோரம் வைப்பார். அடுத்தவர் முன்னால் நகர்வார். கல்லைக் காலால் தள்ளக் கூடாது. நான் இதைக் கடைசி விதியாக வைத்திருந்தேன். அவருக்கு அதுதான் முதல் விதி.

மண்ணெண்ணெய் வரிசையில் ஒருநாள் அப்பா தாமதமாக வந்தார். எங்கள் கல் ஏற்கெனவே சுவரோரம் போயிருந்தது.

"ரெண்டு நிமிஷம்தானே மாஷி."

"ரெண்டு நிமிஷம் தோ ரெண்டு நிமிஷம்தான் பாபு. ஆனா கல்லு போச்சு. கடைசில நில்லு."

"நான் பேங்க் போகணும்."

"பேங்க்ல கதவு சாத்தின அப்புறம் வந்தவன்கிட்ட நீ என்ன சொல்லுவே?"

வரிசை முழுக்கச் சிரித்தது. அப்பா கேனைத் தூக்கிக்கொண்டு கடைசியில் போய் நின்றார். அதன் பிறகு வீட்டுக்கு வரும் விருந்தாளிகளிடமெல்லாம், ஏதோ தானே ஜெயித்ததுபோல், அந்தக் கதையைச் சொல்வார்.

தென்னிந்தியக் கடைகளுக்கு நடுவே பல வருடங்கள் படுத்து எழுந்ததில் அவருக்குத் தமிழ் ஒட்டிக்கொண்டது. வங்காளத்தின் 'தோ' மட்டும் விட்டுப்போகவில்லை. எதையாவது அழுத்திச் சொல்ல வேண்டுமென்றால் அதைச் செருகிவிடுவார்.

"உன் கல்லு எது மாஷி?" என்று ஒருமுறை கேட்டேன்.

"எனக்கு எதுக்குக் கல்லு, மாமொனி? நான் தோ இருக்கேன்."

மாமொனி என்பது பெண் குழந்தையைச் செல்லமாக அழைப்பது. எனக்கு வேலை கிடைத்த பிறகும் அவர் அதை மாற்றவில்லை.

பள்ளிக்குக் கிளம்பும் நேரத்தில் இரண்டாம் மாடி ஜன்னலிலிருந்து அவரைப் பார்ப்பேன். ஒரு விஷயம் அப்போது கண்ணில் பட்டது. அர்த்தம் பிறகுதான் புரிந்தது. ஆட்கள் வந்து தத்தம் கல்லருகே நின்றதும் வரிசையில் பேச்சு கிளம்பும். மருமகள், மின்வெட்டு, மீன் விலை, எல்லாம் வரும். அந்த நேரத்தில் மாஷி அங்கே இருக்க மாட்டார். அடுத்த வரிசைக்குப் போயிருப்பார். கற்கள் மட்டும் நிற்கும் நேரத்தில்தான் அவர் நிற்பார். அவர் கற்களோடு பேசுவார் என்று என் தோழிகள் சொல்வார்கள். அவர் பேசி நான் பார்த்ததில்லை. எண்ணுவார். எண்ணி முடித்ததும் மறுபடி எண்ணுவார்.

நான் சிவில் பொறியியல் படித்தேன். நடைபாதையில் வசிப்பவர்களுக்கு வீடு கட்டித் தரும் ஓர் அமைப்பில் சேர்ந்தேன். கட்டுவது ஒரு வேலை. யாருக்கு முதலில் என்று வரிசைப்படுத்துவது இன்னொரு வேலை. இரண்டாவது என்னிடம் வந்தது. வயது, நடைபாதையில் கழித்த காலம், நோய், தனியாளா என்பது. ஒவ்வொன்றுக்கும் புள்ளிகள். கணக்கெடுப்புக்கு லேக் மார்க்கெட் போனபோது மாஷியின் பெட்டிமேல்தான் உட்கார்ந்தேன்.

"உங்ககூட யாரு இருக்காங்க மாஷி?"

"என்ன 'உங்க'? ஆபீஸ்காரி ஆயிட்டியா?"

"சரி, உன்கூட யாரு?"

"நீ இந்தத் தெருவுல வளர்ந்தவ தோ. நீயே எழுது."

'தனியாள்' என்று எழுதினேன். படிவத்தில் இரண்டு கட்டங்கள்தான்: குடும்பம், தனியாள். அந்தப் புள்ளிகள் சேர்ந்ததும் அவர் பெயர் பட்டியலின் முதல் வரிக்கு ஏறியது. எனக்கு அவ்வளவு சந்தோஷம். அன்று மாலையே ஓடிப்போய்ச் சொன்னேன்.

"மாஷி, நீதான் முதல் ஆள்."

"எதுல?"

"வீட்டுக்கு. லிஸ்ட்ல நீதான் ஃபர்ஸ்ட்."

"யாருக்காக?"

"உனக்காகத்தான்."

"நான் லைன்ல நிக்கவே இல்லையே."

அப்போதும் அவருக்கு ஓயாத வேலை இருந்தது. மண்ணெண்ணெய் வரிசை போய்விட்டது. ஆனால் அரசு மருத்துவமனையின் சீட்டு வரிசை நீண்டிருந்தது, ஆதார் திருத்தும் இடத்தில் ஒரு வரிசை, முகாம் நடந்தால் அதற்கு ஒன்று. ஒன்பது கற்களும் தினமும் வெளியே போயின. இது எனக்குத் தெரியும். தெரிந்தும் படிவத்தில் 'தொழில்' என்ற இடத்தில் 'இல்லை' என்று போட்டிருந்தேன்.

கட்டடம் ஆற்றுக்கு அக்கரையில், சாந்த்ராகாச்சி ரயில் யார்டுக்கும் அப்பால். மூன்றாம் மாடி, வடகிழக்கு மூலை அறை. குழாய் சொட்டாது, ஜன்னல் கொண்டி சரியாக உட்காரும், குளியலறைத் தரையின் வாட்டத்தை நானே தண்ணீர் ஊற்றிப் பார்த்திருந்தேன். குறைகள் பட்டியலில் அந்த அறைக்கு எதிரே ஒன்றும் இல்லை.

குடிபோகும் முன் அவர் ஒரு காரியம் செய்தார். ஒன்பது கற்களையும் ஒன்பது பேரிடம் திருப்பிக் கொடுத்தார். வாங்கியவர்களுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. டாக்டர் வீட்டம்மா அதைப் பூந்தொட்டிக்கு முட்டுக் கொடுத்தாராம். எங்கள் வீடு அப்போது தெருவில் இல்லை. அப்பா ஓய்வு பெற்றதும் அம்மாவும் அவரும் அண்ணனோடு கோயம்புத்தூரில் இருக்கிறார்கள். நான் டாலிகஞ்சில் தனியாக ஒரு ஃபிளாட்டில். விசாரித்து, மெட்ரோ ஏறி, நீலப் பெயின்ட் அடித்த கல்லை முந்தானையில் சுற்றிக்கொண்டு மாஷி அங்கேயே வந்துவிட்டார்.

டீ குடித்துவிட்டு வீட்டைச் சுற்றிப் பார்த்தார். இரண்டாவது அறையின் வாசலில் நின்றார். விரிப்பு கலையாத இரட்டைக் கட்டில், மடித்து வைத்த இரண்டு போர்வைகள், அப்பாவின் செருப்பு ஒரு ஜோடி.

"இது யாருக்கு?"

"அம்மா அப்பா வந்தா."

"எப்போ வந்தாங்க?"

"வருவாங்க மாஷி. அப்பாவுக்கு முட்டி வலி, ரயில்ல ரெண்டு ராத்திரி உக்கார முடியல."

தலையாட்டினார். குனிந்து, கையிலிருந்த நீலக் கல்லை அந்த அறையின் வாசலுக்குள், கதவு இடிக்காத இடமாகப் பார்த்து வைத்தார். நிமிர்ந்து முதுகைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்தேன். அந்தக் கல்லை நான் இடம் மாற்றவில்லை.

சாவி கொடுத்த நாளில் அவர் முதலில் போனது குழாயிடம். திறந்தார். தண்ணீர் கொட்டியது.

"எத்தனை மணிக்கு வரும்?"

"எப்பவும் வரும்."

"லைன்?"

"லைனே கிடையாது. உனக்கு மட்டும்."

குழாயை இறுக்கி மூடினார். ஏற்கெனவே மூடியதை இன்னொரு தடவை இறுக்கினார். சிக்கனம் என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்று மாதம் கழித்து, கொடுத்த அறைகளில் ஆட்கள் வசிக்கிறார்களா என்று சரிபார்க்கப் போனேன். வசிக்காத அறையை ரத்து செய்து பட்டியலில் அடுத்தவருக்குத் தர வேண்டும். அது சரியான விதி. எழுதியவர்களில் நானும் ஒருத்தி. மாஷியின் அறை பூட்டியிருந்தது.

"கிழவியா? பதினோரு நாள்தான் இருந்தா" என்றாள் பக்கத்து அறைப் பெண், கையில் மாவோடு எட்டிப் பார்த்து. "ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை வருவா. பெருக்குவா, பூட்டுவா, போயிடுவா. ஒரு வாய் டீ குடிச்சுட்டுப் போன்னாலும் கேக்க மாட்டா. பஸ் போயிடும்பா."

அலுவலகச் சாவியால் திறந்தேன். பாய் இல்லை, பெட்டி இல்லை, ஸ்டவ் இல்லை. சிமென்ட் தரை பளிச்சென்றிருந்தது. நடுவில் ஒரு செங்கல். புதுக் கல். நான்கு பக்கமும் திருப்பிப் பார்த்தேன். எந்தக் குறியும் இல்லை. அவருக்கென்று ஒரு கல்லை அன்றுதான் பார்த்தேன்.

டேப்லெட்டில் இரண்டு கட்டங்கள் இருந்தன: குடியிருப்பு, காலி. எதையும் தொடாமல் அதை மூடிவிட்டு பஸ் ஏறினேன்.

லேக் மார்க்கெட்டில் அவர் பழைய இடத்தில்தான் இருந்தார். ஆனால் பாதி இடத்தில். மீதிப் பாதியில் ஒரு புதுக் குடும்பம். பெட்டியைச் செங்குத்தாக நிறுத்தியிருந்தார். கற்களில் ஐந்து அவரிடம் திரும்பி வந்திருந்தன. டாக்டர் வீட்டுக் கல்லில் பூந்தொட்டி மண் ஒட்டியிருந்தது.

"மாஷி, அங்க என்ன கஷ்டம்?"

"கஷ்டமா? நல்ல ரூம். நீ கட்டினது தோ."

"அப்புறம் ஏன் வந்துட்டே?"

"மொத பஸ் பிடிச்சாலும் ஆஸ்பத்திரி லைனுக்கு லேட். லேட்டா வெச்ச கல்லை யாரு மதிப்பா?" அடுத்ததைச் சொல்வதா வேண்டாமா என்று யோசித்ததுபோல் இருந்தது. "பதினோரு நாள் கதவைப் பாத்து உக்காந்தேன். யாருக்காகவும் நான் முன்னாடி போய் நிக்க வேண்டாம். லைன்ல நின்னா முறை வரும், மாமொனி. அங்க உக்காந்தா என்ன வரும்?"

"அதான் கல்லு வெச்சுட்டு வந்தியா?"

"வேற எப்படி வருவேன்? முடியாம போறப்போ போவேன். அது வரைக்கும் கல்லு இருக்கும்."

"போறப்போ இங்கயும் ஒரு கல்லு வெச்சிருக்கலாமே. பாதி இடம் போச்சு பார்."

என்னைப் பார்த்த பார்வையில் உண்மையான அதிர்ச்சி இருந்தது.

"ஒரு ஆளு ரெண்டு எடத்துல கல்லு வெக்கறதா?"

அந்தத் தெருவில் யாரும் அவர் வைத்த கல்லை அவமதித்ததில்லை. அது ஒரு கட்டடத்தில், ஓர் அலுவலகத்தில் செல்லாமல் போகும் என்பது அவர் நினைப்பிலேயே இல்லை. நான் சொல்ல வேண்டியிருந்தது. படிவத்தில் செங்கல்லுக்குக் கட்டம் இல்லை என்று சொன்னேன். ஆள் இல்லாவிட்டால் அறை போய்விடும் என்று சொன்னேன். அங்கே போய் இரு மாஷி, இந்த வருஷம் மட்டும் இரு, அப்புறம் பார்த்துக்கலாம் என்று கெஞ்சினேன்.

அவர் ஒன்றே ஒன்று கேட்டார்.

"எனக்கு அடுத்து யாரு?"

"பாலத்துக்கு அடியில ஒருத்தி. ரெண்டு குழந்தை."

"வந்து நிக்கறாளா?"

"தினமும் ஆபீசுக்கு வர்றா."

"அப்போ நீ என்ன எழுதினே?"

"இன்னும் எழுதல."

"ஏன்?" குரல் உயர்ந்தது. அப்பாவைக் கடைசியில் நிற்கச் சொன்ன அதே குரல். "கல்லுக்காரி முறைக்கு வரல. கல்லை ஓரமா வை. அவளை முன்னாடி விடு. இதுக்குப் போய் பஸ் ஏறி வந்தியா?"

நான் எழுந்தபோது மெதுவாகக் கேட்டார்: "காலால தள்ள மாட்டாங்களே?"

"நானே போய் எடுத்துக்கறேன்."

காலி என்று எழுதினேன். அறைக்குப் போய்க் கல்லைத் துணிப்பையில் போட்டு, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு ஆற்றுப் பாலத்தைக் கடந்து வீட்டுக்கு வந்தேன். இரண்டாவது அறையில் நீலக் கல்லுக்குப் பக்கத்தில் வைத்தேன். அந்த வாரம் அம்மா போனில், "அந்த ரூமை யாராவது பொண்ணுக்கு வாடகைக்கு விடேன்டி, துணையா இருக்கும்" என்றாள். பார்க்கலாம் என்றேன்.

பாலத்தடிப் பெண் குடிவந்தாள். குழாயைத் திறந்ததும் குழந்தைகள் கையை நீட்டிக் கூச்சல் போட்டார்கள். அது சரியான முடிவுதான். அந்த மாடிக்குப் போகும்போதெல்லாம் மறுபடி சரிபார்க்கிறேன். ஒவ்வொரு தடவையும் சரியாகத்தான் இருக்கிறது.

அதோடு நான் நிறுத்திக்கொள்ளவில்லை. படிவத்தில் 'தற்போது எங்கே பிழைக்கிறார்' என்று ஒரு கேள்வியைச் சேர்க்கப் போராடினேன், சேர்த்தார்கள். லேக் மார்க்கெட்டிலிருந்து நடக்கும் தூரத்தில் ஒரு பழைய கட்டடத்தைச் சீரமைத்து ஆறு அறைகள் எடுப்பதென்று முடிவாயிற்று. விண்ணப்பத்தை மாஷியிடம் கொண்டுபோனேன். தொழில் என்ற இடத்தில் 'வரிசையில் இடம் காப்பவர்' என்று எழுதிக் காட்டினேன். படித்துக் காட்டச் சொல்லி இரண்டு முறை கேட்டார்.

"இது எவ்வளவு நாளாகும்?"

"ஒரு வருஷம், ரெண்டு வருஷம். லைன் இருக்கு."

"லைன் இருக்கா?" முகம் மலர்ந்தது. "அப்போ சரி."

ஆறு அறைகளுக்கான பட்டியல் போன மாதம் வந்தது. அவர் நான்காவது. ஆனால் அதற்கு முந்தைய மழைக்காலத்திலேயே அவர் போய்விட்டிருந்தார். காய்ச்சலோடு ஆஸ்பத்திரி வரிசையில் யாருக்கோ கல் வைக்கப் போனவரை அங்கேயே படுக்கையில் சேர்த்திருக்கிறார்கள். நான்காம் நாள் தானாகக் கிளம்பிப் போனதாகப் பதிவேட்டில் இருக்கிறது. அதற்குப் பிறகு பார்த்தவர்கள் இல்லை. நான் தேடிய இடங்களை எழுதி வைத்திருக்கிறேன்: வார்டுகள், இரவுத் தங்குமிடங்கள், கேனிங் ரயில் பாதையில் அவருடைய தங்கை ஒரு காலத்தில் இருந்த ஊர், காவல் நிலையம், கடைசியாகப் பிணவறை. எல்லாவற்றுக்கும் எதிரே 'இல்லை'. நடைபாதையில் அவருடைய பாதியையும் அந்தக் குடும்பம் எடுத்துக்கொண்டது. அங்கே அவர் பெயரில் ஒரு கல்லும் இல்லை.

அறைகளை ஒதுக்கும் நாளில் கூடத்தில் ஆறு நாற்காலிகள் போட்டிருந்தோம். நான் சீக்கிரமே போய், நான்காவது நாற்காலியில் அந்தக் குறி இல்லாத செங்கல்லை வைத்தேன். ஐந்தாவது நாற்காலிக்கு வந்த முதியவர் கல்லைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அதைத் தொடாமல் தள்ளி உட்கார்ந்தார்.

முதல் மூன்று பேர் சாவி வாங்கினார்கள். நான்காவது பெயரை அதிகாரி வாசித்தார். முழுப் பெயரை. கூடத்தில் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. இரண்டாம் முறை வாசித்தார். நான் கதவைப் பார்த்தேன்.

"தீதி, இன்னும் எவ்வளவு நேரம்?" என்றார் அதிகாரி, தணிந்த குரலில்.

"ரெண்டு நிமிஷம்" என்றேன்.

இரண்டு நிமிடம் முடிந்தது. எழுந்து போய் இரண்டு கையாலும் கல்லை எடுத்தேன். சுவரோரம், யார் காலும் படாத இடமாகப் பார்த்து வைத்தேன். ஐந்தாவது நாற்காலியில் இருந்தவர் முன்னால் வந்தார்.